லேத் கிளட்ச் வழுக்குகிறதா? இறுக்கும் முன் இதைப் பாருங்கள்

வட்டியில்லாக் கடனில் பழைய லேத் வாங்கிப் பட்டறை போட்டிருக்கும் நம் சகோதரர்கள் அடிக்கடி கேட்பது இது: "ஆட்டோ ஃபீட் போட்டால் டக் டக் என்று சத்தம் வருகிறது, கேரேஜ் நகரவில்லை. நட்டை முழுசாக இறுக்கிவிடலாமா?"

வேண்டாம். அது ஸ்லிப் கிளட்சின் சத்தம். பல லேத்களில் ஃபீட் ராடு கியர் பாக்ஸிலிருந்து வெளியே வரும் இடத்தில் இது இருக்கும். உள்ளே எஃகு பால்களை ஸ்பிரிங்குகள் குழிக்குள் அழுத்திக்கொண்டிருக்கும். சுமை மீறினால் பால்கள் குழியை விட்டு ஏறித் தாவும், ராடு நின்றுவிடும். நாம் அசந்த நேரத்தில் கேரேஜ் சக்கில் போய் முட்டினால் கியர் பற்களைக் காப்பது இந்த வழுக்கல்தான். வழுக்கவே கூடாது என்று வெல்டு வைத்த ஒரு லேத்தைப் பார்த்திருக்கிறேன். ஏப்ரன் கியரில் நான்கு பல் இல்லை. கியர் வெட்ட ஆன செலவில் பத்து முறை ஸ்பிரிங் மாற்றியிருக்கலாம்.

முதலில் மெஷினை நிறுத்தி, ஃபீடை விடுவித்து, கை வீலால் கேரேஜை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டுங்கள். எங்காவது கனத்தால் குற்றம் கிளட்சில் இல்லை. ரேக்கில் சுருள் சிக்கியிருக்கலாம், ஜிப் இறுகியிருக்கலாம், பெட் காய்ந்திருக்கலாம். கேரேஜ் லாக் போல்ட்டைத் தளர்த்த மறந்துவிட்டு கிளட்சைத் திட்டுகிறவர்களும் உண்டு! டூல் மழுங்கியிருந்தாலும் இதே சத்தம்தான்.

எல்லாம் சரி, ஆனாலும் லேசான வெட்டுக்கே வழுக்குகிறது என்றால் பிரித்துப் பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். நட் இருக்கும் இடத்தில் ஒரு கோடு கீறி, எத்தனை சுற்றில் கழல்கிறது என்று எண்ணுங்கள். ட்ரேயில் துணி விரியுங்கள். பால் உருண்டு போனால் சுருள் குவியலில் கிடைக்காது. மண்ணெண்ணெயில் கழுவுங்கள். கட்டிப்போன பழைய கிரீஸ் இருந்தால் கிளட்ச் வழுக்க வேண்டிய நேரத்திலும் வழுக்காது.

ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்தினால் சோர்ந்தது குட்டையாகத் தெரியும். ஒன்றை மட்டும் மாற்றாமல் செட்டாக மாற்றுங்கள். வாஷர் வைத்து ஒப்பேற்றினால் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி, கிளட்ச் பூட்டியதுபோல் ஆகிவிடும். பால்களை மைக்ரோமீட்டரில் பல பக்கம் திருப்பி அளந்து, பெரிய அளவைச் சொல்லி பேரிங் கடையில் வாங்குங்கள். குழியின் விளிம்பு லேசாகத் தேய்ந்திருந்தால் எமரி போதும். பள்ளமே விழுந்திருந்தால் அந்தப் பாகத்தைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

மெல்லிய எண்ணெய் விட்டுப் பூட்டுங்கள். நட்டைத் தளர்வாகவே தொடங்கி, வழக்கமாக எடுக்கும் பெரிய வெட்டு வழுக்காமல் ஓடும்வரை கால் சுற்று கால் சுற்றாக ஏற்றுங்கள். அதோடு நிறுத்துங்கள்.

பிறகு சோதனை. சக்கிலிருந்து தள்ளி பெட்டில் ஸ்டாப்பரைப் பூட்டி, அதற்கும் கேரேஜுக்கும் இடையே மரக்கட்டை வையுங்கள். குறைந்த வேகம், குறைந்த ஃபீட், கை சுவிட்சிலேயே இருக்கட்டும். கட்டையில் முட்டியதும் டக் டக் என்று வழுக்க வேண்டும். மோட்டார் முனகினால் உடனே அணைத்து, கால் சுற்று இறக்குங்கள். சரியாக வந்ததும் லாக் நட்டை இறுக்கி, நட் நிற்கும் இடத்தில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.