கடல்மேல் நடக்கும் சிறு பறவை

ஆடி மழையில் பவானிபூர்த் தெருக்களில் முழங்கால் நீரில் நாம் தத்தளிக்கும் நாட்களில், தென்துருவத்திலிருந்து வந்த சிறு பறவை ஒன்று நம் நாட்டுக் கடல்களில் இரை தேடிக்கொண்டிருக்கிறது. வில்சன் புயற்பறவை என்பது அதன் பெயர். விலங்கியல் பயிலும் நான் அதை முதன்முதல் கண்டது நூலில் அன்று. குளச்சல் கடலில், கரை கண்ணுக்கு மறைந்த பின், மாமாவின் படகிலிருந்துதான் கண்டேன்.

முதலில் அதன் தோற்றத்தைக் காண்போம். நீளம் 16 முதல் 18 சென்டிமீட்டர். விரித்த சிறகு சுமார் 40 சென்டிமீட்டர். எடையோ 40 கிராம் அளவே. ஒரு கோழிமுட்டையைவிடக் குறைவு! உடல் முழுதும் கரும்பழுப்பு. வாலின் அடியில் மட்டும் வெள்ளைப் பட்டை. கால்கள் நீண்டவை, விரலிடைச் சவ்வு மஞ்சள் நிறம்.

சிறகை உயர்த்திக் காற்றில் மிதந்தபடியே கால்களால் நீரைத் தட்டித் தட்டிச் செல்லும். பார்ப்பவர்க்கு அது நீர்மேல் நடப்பதாகவே தோன்றும். அப்போதே மிதக்கும் சிற்றுயிர்களையும் சிறு இறால் வகைகளையும் அலகால் கொத்தி உண்ணும். பரந்த கடலில் இரையை எவ்வாறு கண்டறிகிறது? மோப்பத்தால்! மிதவை உயிர்கள் உண்ணப்படும்போது எழும் ஒருவகை வாடை அதற்கு வழிகாட்டுகிறது. உப்புநீரைக் குடித்தாலும் கேடில்லை. மிகுதி உப்பைத் தலையிலுள்ள சுரப்பி பிரித்து, அலகின் மேலுள்ள குழாய் மூக்கின் வழியே வெளியேற்றுகிறது.

அன்டார்க்டிகக் கரைகளும் அதைச் சூழ்ந்த தீவுகளுமே அதன் தாயகம். நமக்குக் குளிர்காலமான மார்கழி, தை மாதங்கள் அங்கே கோடை. அப்போது பாறையிடுக்கில் ஒரே ஒரு முட்டை இடும். தாயும் தந்தையும் முறைவைத்து அடைகாக்கும். பெரும்பறவைகளுக்கு அஞ்சி இரவில்தான் கூட்டுக்கு வரும். பெரும்பனி பெய்து இடுக்கின் வாயை அடைத்துவிட்டால், வெளியே இரையோடு பெற்றோர் காத்திருக்க, உள்ளே குஞ்சு பட்டினியால் மடிவதும் உண்டு.

தப்பிய குஞ்சுகளும் முதிர்ந்தவையும் குளிர் தொடங்குமுன் வடக்கே புறப்படுகின்றன. சில அட்லாண்டிக் கடலுக்கும், சில அரபிக்கடலுக்கும் இலங்கைக் கடலுக்கும் வருகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மீண்டும் தென்துருவம் சேர்கின்றன.

புயலுக்கு முன்னறிகுறி என்று மாலுமிகள் அஞ்சியதால் வந்ததே இப்பறவையின் பெயர். உண்மையில் புயலைக் கொண்டுவருவது அதுவன்று. புயலால் அலைக்கழிக்கப்படுவதே அது. கடும்புயலில் கடற்பறவைகள் உள்நாட்டுக்கும் தள்ளப்படுவதுண்டு. தரையில் நேராக நிற்க இதன் கால்களுக்கு வலுவில்லை. ஆதலின், காண்போர் கால் ஒடிந்ததென்று எண்ணுவர். நாயும் காகமும் எளிதில் கொன்றுவிடும்.

நண்பர்களே! புயல் ஓய்ந்த காலையில் நம் விடுதி மாடியிலோ உங்கள் ஊர்க் கடற்கரையிலோ இத்தகைய பறவை கிடந்தால், காற்றுப் புகும் அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயில் நீர் ஊற்றாதீர்கள். வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள். நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். தென்துருவத்திலிருந்து நம் வாசல்வரை வந்த விருந்தாளி அது. அதை அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்கேனும் நம் கல்வி பயன்படட்டும்.