தாயமும் நூற்றுவீதமும்

நூற்றுக்கு இத்தனை என்னும் கணக்கைத் திருவொற்றியூர்ச் சிறார்க்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. மூன்று வட்டி, ஐந்து வட்டி, பத்து வட்டி என்று பெரியோர் பேசிக்கொள்வதைத் தொட்டிற்பருவம் முதலே கேட்டு வளர்ந்தவர் அவர். ஐந்து வட்டியாவது திங்களொன்றுக்கு நூற்றுக்கு ஐந்து, ஆண்டொன்றுக்கு அறுபது. இதனை ஒன்பதாம் வகுப்பு மாணவனொருவன் எழுதுகோலைத் தொடாமலே எமக்குச் சொன்னான். அவனே, ஒரு பையில் ஐந்து சிவப்புப் பந்துகளும் பதினைந்து நீலப் பந்துகளும் உள்ளன என்று தொடங்கும் வினாவைக் கண்டவுடன் வாய்மூடிக்கொண்டான். அப்பந்தை யார், எதற்காக எடுக்கின்றார் என்பது அவனுக்கு விளங்கவில்லை. உண்மையை உரைப்பின், அவ்வயதில் எமக்கும் விளங்கியதில்லை.

2023-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நம் கல்லூரிக் கணிதக் கழகத்தினராகிய யாம் இருவர், திருவொற்றியூரிலுள்ள பள்ளியொன்றில் சனிதோறும் நிகழ்தகவு கற்பிக்கச் சென்று வந்தோம். மாணாக்கர் முப்பத்திருவர். அவர்தம் தந்தையருள் சிலர் காசிமேட்டில் விசைப்படகு ஏறுவோர். சிலர் துறைமுகத்துக்குச் சரக்குப்பெட்டி கொண்டுசெல்லும் லாரி ஓட்டுவோர். சிலர் மணலி, எண்ணூர் ஆலைகளில் ஒப்பந்த வேலை செய்வோர். இரண்டாம் வாரத்தில் பையையும் பந்தையும் கைவிட்டுத் தாயக்கட்டைகளைக் கொண்டுசென்றோம். தலைமையாசிரியர் முகஞ்சுளித்து, சூதாடு கருவியைப் பள்ளிக்குள் கொணர்வதா என்றார். நளன் கதையை எடுத்துரைத்தோம். இருதுபன்னன் தான்றி மரத்தின் இலையையும் காயையும் கண்ணால் நோக்கியே இத்தனையெனக் கணித்துக் கூறி, அக்கணக்கோடு கவறாடும் நுட்பத்தையும் நளனுக்கு அருளினான். அதனை அறிந்த பின்னரே கலி அவனைவிட்டு நீங்கினான் அன்றோ? தலைமையாசிரியர் இதற்கு உடன்பட்டாரோ இல்லையோ, கதவைச் சாத்திக்கொண்டு ஆடுமாறு பணித்தார்.

பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நீண்ட முகங்கள் நான்கு. ஒன்று வெறுமை, ஏனைய மூன்றும் முறையே ஒன்றும் இரண்டும் மூன்றும் ஆகிய புள்ளிகளை உடையன. ஒரு கட்டையின் நான்கு முகமும் மற்றதன் நான்கு முகத்தோடு கூடுங்கால் பதினாறு வகை உண்டாம். இதனைக் கரும்பலகையில் கட்டமிட்டு நிரப்பச் செய்தோம். இரண்டும் வெறுமையாய் விழும் பன்னிரண்டு ஒருவகையால் மட்டுமே விழும். தாயம் என்னும் ஒன்று இருவகையாலும், மூன்று நால்வகையாலும் விழும். பழைய எண்சுவடிப் பின்னங்கள் இங்கே தாமே வந்து பொருந்துதல் கண்டு யாமே வியந்தோம். பன்னிரண்டுக்கு வீசம், தாயத்துக்கு அரைக்கால், மூன்றுக்குக் கால். வீசமாவது நூற்றுக்கு 6.25, அரைக்கால் 12.5, கால் 25. திண்ணைப்பள்ளிச் சிறுவன் நாவினுனியில் வைத்திருந்த இச்சொற்களுள் காலும் அரையுமே இன்று எஞ்சியுள்ளன. வீசம் என்பது யாதென வகுப்பில் ஒருவரும் அறிந்திலர்.

ஆட்டத்தில் காய் இறங்கத் தாயம் விழவேண்டும். அரைக்கால் என்பது எட்டில் ஒன்றாதலின், எட்டு முறை உருட்டினால் ஒருமுறை தாயம் விழுந்தே தீரும் என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலாகக் கூறிற்று. ஆளுக்கு எட்டு முறை உருட்டச் செய்தோம். ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர்க்கு ஒருமுறையேனும் விழவில்லை. அவருள் ஒருத்தி எண்ணூர்ப் பக்கத்துக் குப்பமொன்றிலிருந்து வரும் சிறுமி. அவள் எட்டாம் முறை உருட்டி முடித்ததும், ‘ராசியில்லாதவள்’ என்று பின்வரிசையில் ஒரு குரல் எழுந்தது. அவள் கட்டைகளை வைத்துவிட்டுக் கைகளைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டாள். அச்சொல் இத்துணை விரைவிற் பிறக்கும் என்று யாம் எதிர்பார்க்கவில்லை.

உடனே கணக்குக்குத் திரும்பினோம். அறுபத்துநால்வர் உருட்டுவதாகக் கொள்வோம். முதல் உருட்டில் எட்டிலொரு பங்காகிய 8 பேர்க்குத் தாயம் விழ, 56 பேர் எஞ்சுவர். அடுத்து அவருள் 7 பேர் நீங்க, 49 பேர் எஞ்சுவர். இங்ஙனம் ஒவ்வோர் உருட்டிலும் எஞ்சினோருள் எட்டிலொரு பங்கே குறைதலின், ஐந்து உருட்டுக்குப் பின்னும் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் தாயமின்றி இருப்பர். எட்டுக்குப் பின்னும் ஏறத்தாழ 22 பேர் இருப்பர். இது நூற்றுக்கு 34.4 ஆகும். முப்பத்திருவர் கொண்ட வகுப்பில் பதினொருவர் அளவில் அவ்வாறு எஞ்சுதல் இயல்பே. அத்தனை பேர்க்கும் ராசியில்லையா என வினவினோம். பின்வரிசையில் விடையில்லை. அக்குரலுக்குரியவனும் தாயம் விழாதோருள் ஒருவன் என்பது பின்னரே தெரிந்தது.

இனி இதற்கு மறுதலையான மயக்கமொன்று உண்டு. எட்டு முறை விழாததால் ஒன்பதாம் முறை விழும் வாய்ப்பு மிகுந்துவிட்டது என்பது அது. கட்டைக்கு நினைவேது? ஒன்பதாம் உருட்டிலும் அதே அரைக்கால்தான். இதனை உரைத்தபோது வட்டிக்கணக்குச் சொன்ன மாணவன் நிமிர்ந்து, ‘அண்ணா, எங்கப்பா கைப்பேசியில் சீட்டாடும்போது இதைத்தான் சொல்வார், இவ்வளவு தோற்றாயிற்று, இனி வந்துதானே ஆகவேண்டும் என்பார்’ என்றான். அவ்வில்லத்தில் ஐந்து வட்டி நுழைந்த வழி எமக்கு அப்போது புலப்பட்டது. இம்மாநிலத்தில் அரசே 1968-இல் பரிசுச்சீட்டை நடத்தத் தொடங்கிற்று. 2003-இல் எல்லாப் பரிசுச்சீட்டுகளும் விலக்கப்பட்டன. பின்னர்ச் சூது கைப்பேசிக்குள் குடிபுகுந்தது. அதனைத் தடுக்கச் சட்டமன்றம் 2022-இலும், நாடாளுமன்றம் 2025-இலும் சட்டம் இயற்றின. அம்மாணவனுக்கு யாம் ஒன்றும் அறிவுரை கூறவில்லை. ஒன்பதாம் உருட்டின் கணக்கை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போகச் சொன்னோம்.

அதன்பின் பந்தயம் வைத்தோம். கட்டையை இருவரும் உருட்ட, பெருந்தொகை போட்டவர்க்கு ஒரு வெற்றி. தொகை ஒத்தால் மீண்டும் உருட்டல். மூன்று வெற்றியை முந்தப் பெறுபவர் அடுத்த சுற்றுக்குச் செல்வர். முப்பத்திருவர் பதினறுவராகி, எண்மராகி, நால்வராகி, இருவராயினர். திறமைக்கு இதில் இடமே இல்லை. ஒவ்வொருவர்க்கும் வாய்ப்பு முப்பத்திரண்டில் ஒன்று, அஃதாவது நூற்றுக்கு 3.125. ஆயினும் ஐந்து ஆட்டங்களையும் தொடர்ந்து வெல்பவர் ஒருவர் இருந்தே தீருவர். அவரைக் கைராசிக்காரர் என்று உலகம் கூறும். பரிசு யாம் வாங்கிவந்த 32 பென்சில்கள். இறுதியில் எதிரெதிரே அமர்ந்தவர், லாரியோட்டி ஒருவரின் மகனும், முன்னர்த் தாயம் விழாத அச்சிறுமியும்.

சிறுவன் இரண்டு, சிறுமி ஒன்று என்றிருந்த நிலையில் மழை வலுத்தது. வகுப்பைக் கலைத்து அனுப்பிவிட்டோம். டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடும் பரந்து கரையோர வீடுகளுட் புகுந்தது. யாம் மீண்டும் சென்றபோது சிறுமி இல்லை. குடும்பத்தார் உறவினர் ஊருக்குச் சென்றிருந்தனர். பென்சில்களோ வகுப்பு அலமாரியில் இருந்தன.

வராதவளுக்கு ஒன்றுமில்லை என்றனர் சிலர். வீடிழந்து வருந்துபவளுக்குப் பாதியேனும் தருக என்றனர் சிலர். இரண்டுக்கு ஒன்று என்று பகுப்பதே முறை என்றாள் படகுக்காரர் மகள். கடலில் உழைத்த அளவுக்குத்தானே கரையில் பங்கு? 1494-இல் இத்தாலியராகிய பச்சியோலி தம் நூலில் இத்தகைய வினாவுக்குக் கூறிய விடையும் அதுவே. எனினும் பெற்ற வெற்றியை எண்ணுவது, விழாத எட்டு உருட்டை எண்ணுவது போன்றதே. எஞ்சிய ஆட்டத்தையன்றோ எண்ணவேண்டும்?

1654-இல் பிரெஞ்சு அறிஞராகிய பாஸ்கலும் பெர்மாவும் கடித வாயிலாக இதனைத் தீர்த்தனர். பாஸ்கல் வழி இது: அடுத்த உருட்டில் சிறுவன் வென்றால் முப்பத்திரண்டும் அவனுடையது. தோற்றால் இருவரும் சமம், ஆளுக்குப் பதினாறு. ஆகவே பதினாறு அவனுக்கு எவ்வாற்றானும் உறுதி. மற்றப் பதினாறில் பாதி வாய்ப்பு. மொத்தம் 24; சிறுமிக்கு 8. பெர்மா வழியோ, இன்னும் இரண்டு உருட்டு நடப்பதாகக் கொண்டு நான்கு வகைகளை எழுதுவது. மூன்றில் சிறுவன் வெல்கின்றான், ஒன்றில் சிறுமி. முக்காலும் காலும், நூற்றுக்கு 75-உம் 25-உம்.

வட்டிக்கணக்கு மாணவன் இதனை ஏற்கவில்லை. முதல் உருட்டில் சிறுவன் வென்றுவிட்டால் ஆட்டம் முடிந்தது. நடவாத இரண்டாம் உருட்டை எங்ஙனம் எண்ணலாம் என்றான். ரொபெர்வால் என்னும் பேராசிரியர் பாஸ்கலிடம் எழுப்பிய தடையும் இதுவே என்றபோது அவன் முகத்தைக் காணவேண்டும்! நடவாத உருட்டு எப்படி விழுந்தாலும் வென்றவர் மாறாமையின் அதனை எண்ணுவதால் பிழையில்லை என விளக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. முடிவில், இரக்கத்தாற் பதினாறு தருவதினும் உரிமையால் எட்டுத் தருவதே தக்கதென வகுப்பு ஒப்பிற்று. எட்டுப் பென்சில்களையும் அவள் தெருவில் வாழும் தோழியிடம் கொடுத்தனுப்பினோம்.

பொங்கலுக்குப் பின் அவள் திரும்பி வந்தாள். ‘அண்ணா, ஆட்டத்தை முடிக்கலாமா?’ என்பதே அவள் கேட்ட முதல் வினா. மீண்டும் கதவைச் சாத்தினோம். முதல் உருட்டில் அவளுக்கு ஐந்து, அவனுக்கு மூன்று; சமமாயினர். அடுத்ததில் அவளுக்கு இரண்டு, அவனுக்கு நான்கு. அப்படியானால் எட்டையும் திருப்பித் தரவேண்டுமா என ஒருவன் கேட்டான். அந்தக் கணக்கு டிசம்பரிலேயே தீர்ந்தது, இது வேறு ஆட்டம் என்று வட்டிக்கணக்கு மாணவன் அவனை அடக்கினான். எட்டனுள் மூன்றை அவள் முன்னமே சீவியிருந்தாள்.