சேர்ந்து செய்வோம், சேர்ந்து சாப்பிடுவோம்

மே மாதம். மும்பையில் நல்ல வெயில். பள்ளிக்கூடம் விடுமுறை.

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி உண்டு. தமிழர்கள் அங்கே பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். ஒரு சந்தில் தமிழ்க் குடும்பங்களும் மராத்திக் குடும்பங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன.

மத்தியானம் மணிச் சத்தம் கேட்டது. ஐஸ் வண்டி வந்தது. பிள்ளைகள் ஓடினார்கள்.

"அம்மா, காசு கொடு! சிவப்பு ஐஸ் வேண்டும்!"

தையல்கார அக்கா தன் மகனின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாம். போன வருஷம் பட்டது போதும்."

போன வருஷம் என்ன நடந்தது? பையன் தெருவில் கலர் தண்ணீர் வாங்கிக் குடித்தான். அன்று இரவே வாந்தி. வயிற்றுப்போக்கு. பையன் துவண்டு போனான். மூன்று நாள் ஆஸ்பத்திரி. மூன்று நாளும் தையல் வேலை இல்லை. கூலியும் இல்லை.

பையன் அழுதான். எதிர் வீட்டு இட்லிக்கார அக்கா அதைப் பார்த்தார்.

"பிள்ளை ஆசைப்படுவது தப்பா? நாமே செய்து கொடுப்போம். நாலு பேர் சேர்ந்தால் எவ்வளவு நேரம் ஆகும்?"

"எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. நம் வீட்டிலும் அதே குழாய்த் தண்ணீர்தானே?"

"தண்ணீரைக் கொதிக்க வைப்போம். பயம் எதற்கு?"

தாளில் இருந்த கணக்கு

இட்லிக்கார அக்கா இந்த வருஷம்தான் படிக்கக் கற்றார். மாலையில் இட்லிப் பாத்திரம் கழுவிய பிறகு வகுப்புக்குப் போவார். வகுப்பில் ஒரு செய்முறைத் தாள் கொடுத்திருந்தார்கள். அதை எடுத்து வந்தார்.

பக்கத்து வீட்டுத் தாயியும் வந்தார். மராத்தியில் 'தாயி' என்றால் அக்கா.

எல்லார் முன்னாலும் இட்லிக்கார அக்கா படித்ததே இல்லை. அவருக்குக் கூச்சமாக இருந்தது. எழுத்துக்குக் கீழே விரலை வைத்தார். மெதுவாகப் படித்தார்.

"கடலை உருண்டை. வறுத்த நிலக்கடலை 500 கிராம். வெல்லம் 300 கிராம். தண்ணீர் 12 டம்ளர்."

"12 டம்ளரா? கடலை நீச்சல் அடிக்குமே!" என்று சிரித்தார் தையல்கார அக்கா. தாளை எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் எண் நன்றாகத் தெரியும்.

"அக்கா, இது பன்னிரண்டு இல்லை. ½. மேலே 1, நடுவில் கோடு, கீழே 2. அரை என்று அர்த்தம். என் அளவு நோட்டில் தினமும் எழுதுகிறேனே!"

எல்லாரும் சிரித்தார்கள். இட்லிக்கார அக்காவும் சிரித்தார். அரை டம்ளர் தண்ணீர் என்று திருத்திப் படித்தார்.

கடலை உருண்டை

முதலில் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள்.

கடலையை முறத்தில் கொட்டிப் பார்த்தார்கள். சுருங்கிய கடலை, கறுத்த கடலை, பூசணம் பிடித்த கடலை எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்தார்கள். பூசணக் கடலையில் நஞ்சு இருக்கும். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுவதும் போகாது.

நல்ல கடலையை வறுத்தார்கள். தோலைத் தேய்த்துப் புடைத்தார்கள். ஒன்றிரண்டாக உடைத்தார்கள்.

வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டினார்கள். வடிகட்டியில் மண்ணும் தூசியும் நின்றன. வடித்த வெல்லத்தை அடுப்பில் வைத்துக் கிளறினார்கள்.

பாகு சரியா என்று எப்படித் தெரியும்? கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகு விட்டார்கள். அது கரையவில்லை. விரலால் உருட்டினார்கள். கெட்டியாக உருண்டது. தட்டில் போட்டதும் 'டக்' என்று சத்தம் வந்தது. அதுதான் பதம்.

உடனே அடுப்பை அணைத்தார்கள். ஏலக்காய்ப் பொடியும் கடலையும் சேர்த்துக் கிளறினார்கள். கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு, சூடு பொறுக்கும்போதே உருண்டை பிடித்தார்கள். ஆறினால் பிடிக்க வராது. அதனால்தான் இந்த வேலைக்கு நாலு பேர் வேண்டும்.

"இதையே தட்டையாகத் தேய்த்து வெட்டினால் எங்கள் சிக்கி!" என்றார் தாயி.

சின்னக் குழந்தைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்கு உருண்டை கொடுக்கவில்லை. கடலையை நன்றாகப் பொடித்து, வெல்லம் கலந்து கொடுத்தார்கள்.

பானகமும் கோகம் சர்பத்தும்

காலையிலேயே தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தார்கள். தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு இறக்கினார்கள். சுத்தமான மண்பானையில் ஊற்றி மூடி வைத்தார்கள். பானைக்குள் யாரும் கையை விடவில்லை. நீளக் கரண்டியால் மொண்டார்கள்.

பானகத்துக்கு 1 லிட்டர் தண்ணீர், 150 கிராம் வெல்லம், 1 எலுமிச்சம்பழம். கொஞ்சம் சுக்குப் பொடி, 2 ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, மற்றதைச் சேர்த்தார்கள்.

தாயி கோகம் கொண்டுவந்தார். கோகம் கொங்கண் பகுதியில் விளையும் புளிப்புப் பழம். அதன் தோலைக் காயவைத்து விற்பார்கள். 50 கிராம் தோலை 1 லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தார்கள். புளிப்புப் பண்டம் என்பதால் அலுமினியப் பாத்திரம் எடுக்கவில்லை. எவர்சில்வர் பாத்திரம் எடுத்தார்கள். பிறகு பிசைந்து வடிகட்டினார்கள். வெல்லம், உப்பு, வறுத்த சீரகப் பொடி சேர்த்தார்கள்.

தாயியின் மாமியாருக்குச் சர்க்கரை நோய். அவருக்கு மட்டும் வெல்லம் போடாமல் ஒரு டம்ளர் எடுத்து வைத்தார்கள்.

"அம்மா, இதுவும் சிவப்பு!" என்று பையன் குதித்தான்.

"இது பழத்தின் நிறம்" என்றார் தாயி.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. ஏன்? அதில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்தது. அது துணிக்குப் போடும் சாயம். உணவில் சேர்க்க அனுமதி இல்லாதது.

ஐஸிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று சாப்பிடுவதற்கு. மற்றது மீன் போன்றவை கெடாமல் வைப்பதற்கு. இரண்டாவது வகையில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று மகாராஷ்டிரத்தில் 2018-ஆம் ஆண்டில் விதி வந்தது. நீல ஐஸ் சாப்பிடுவதற்கு அல்ல. வெள்ளை ஐஸ் என்றாலும், எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேளுங்கள். அசுத்தத் தண்ணீர் ஐஸ் ஆனாலும் கிருமிகள் சாவதில்லை.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் பானகமோ சர்பத்தோ கொடுத்துச் சமாளிக்க வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் எழுதியுள்ள அளவு சுத்தமான தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாலையில்

சந்துப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஓர் உருண்டை. ஆளுக்கு ஒரு டம்ளர். மறுநாளும் யாருக்கும் வயிறு கெடவில்லை.

தையல்கார அக்கா அந்தத் தாளைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எண் எனக்குத் தெரியும். எழுத்தும் தெரிந்தால் நானே படிப்பேன் இல்லையா அக்கா?"

"நாளைக்கு ஆறு மணிக்குத் தயாராக இரு. சேர்ந்தே போவோம். எனக்குப் பின்னக் கணக்கு நீ சொல்லிக் கொடு" என்றார் இட்லிக்கார அக்கா.

யோசியுங்கள், பேசுங்கள்

1. ½ என்பதை 12 என்று படித்தால் என்ன ஆகும்? ¼ என்றால் எவ்வளவு?
2. உங்கள் வீட்டில் குடிதண்ணீரை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்?
3. உங்கள் ஊர்ப் பழத்தில் என்ன சர்பத் செய்யலாம்? பக்கத்து வீட்டாரிடம் கேட்டு, செய்முறையை எழுதுங்கள்.