‘நம்பிக்கை இல்லை’ என்றால் நாத்திகமா?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் பல குடும்பங்கள் மலையேறும். அப்போது வண்டியை விட்டு இறங்காத பிள்ளையைக் கேட்டால், “எனக்கு நம்பிக்கை இல்லைம்மா” என்கிறான். ‘நாத்திகனாகிவிட்டானே!’ என்று தாய்க்குக் கண் கலங்குகிறது. ஆனால், ‘சாமியே இல்லை’ என்றா சொன்னான் அவன்?

‘அ’ என்று தொடங்கும் எதிர்மறைச் சொற்களுக்கு இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள் உண்டு என்கிறது இலக்கணம். அன்மை நமக்கு இப்போது வேண்டாம். ‘அமலன்’ என்றால் மலம் இல்லாதவன், இது இன்மை. ‘அதர்மம்’ அப்படியல்ல. தர்மத்துக்கு எதிராக நிற்பது, இது மறுதலை. போடி ஏலக்காய் ஏலத்தில் ஒரு குவியலுக்கு விலை கேட்காமல் இருக்கும் வியாபாரி, ‘காய் மட்டம்’ என்று சொன்னதாக ஆகுமா? மட்டம் என்று அடித்துச் சொல்பவர் வேறு!

பெரியபுராணத்தில் இரண்டு பேரையும் பார்க்கலாம். வேடர் குலத் திண்ணனாருக்கு ஆகமமும் தெரியாது, பூஜையும் தெரியாது. எதையும் அவர் மறுத்ததில்லை, அறிந்ததில்லை, அவ்வளவுதான். காளத்தி மலையில் குடுமித்தேவரைக் கண்டதுமே அன்பு பெருகியது. அகற்ற வேண்டிய பழைய கொள்கை எதுவும் அங்கே இல்லை. ஆறாம் நாள் கண்ணையே அப்பிக் கண்ணப்பரானார்.

அப்பர் பெருமான் கதை வேறு. பாடலிபுத்திரத்தில் (இன்றைய திருப்பாதிரிப்புலியூர்) தருமசேனர் என்ற பெயரோடு சமணர்களுக்குத் தலைவராக இருந்தவர். உலகைப் படைத்த இறைவன் ஒருவன் உண்டு என்பதைச் சமணம் ஏற்பதில்லை. அவரை ‘நம்பிக்கை இல்லாதவர்’ என்று எப்படிச் சொல்வது? நூல், நோன்பு, குரு எல்லாம் உண்டு. திண்ணனாரைவிட எவ்வளவோ உறுதியான நம்பிக்கை, வேறொன்றின் மேல்! அதிலிருந்து அவர் திரும்ப, சூலை நோய் அவரை வாட்ட வேண்டியிருந்தது.

ஆகவே பிள்ளையிடம், “உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா, இல்லவே இல்லை என்று தீர்மானித்துவிட்டாயா?” என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், கோபமில்லாமல். முதலாவது என்றால், வாதம் செய்ய அங்கே எதிர்க்கட்சியே கிடையாது. இரண்டாவது என்றால், அவன் காரணங்கள் வைத்திருப்பான். காது கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

திலகவதியார் என்ன செய்தார் தெரியுமா? தம்பி ஆள் அனுப்பியும் சமணர் இருப்பிடத்துக்கு அவர் போகவில்லை. வலி தாளாமல் இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து தம்பி காலில் விழுந்தபோது, ‘ஏன் போனாய்?’ என்று வழக்காடவும் இல்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். வீரட்டானத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்.