பிள்ளைகள் கையில் கைப்பேசி



2026 ஜனவரி முதல் சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு விதி நடப்பிலிருக்கிறது. பாட நேரத்தில் மட்டுமல்ல, இடைவேளையிலும், இணைப்பாட நடவடிக்கையிலும் மாணவர் திறன்பேசியைத் தொடலாகாது. பையிலோ, பள்ளி காட்டும் இடத்திலோ வைத்துவிட வேண்டும். திறன்கடிகாரத்துக்கும் இதே சட்டந்தான். மெய்யான அவசியம் இருந்தால் பள்ளியே அனுமதிக்கும்.

இதில் பிள்ளைகளைவிட நமக்கே பாடம் அதிகம். சரக்கு இறக்க ஆளில்லை, பள்ளி விட்டதும் நேரே கடைக்கு வா என்று பகல் 11 மணிக்கு மகனுக்குச் செய்தி அனுப்பும் தகப்பன்மார் நம்மில் உண்டு. நானும் அனுப்பியவன்தான். பிள்ளை அதைப் பார்க்கப் பையைத் திறந்தால் குற்றம் யாருடையது? வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையென்றால் பள்ளி அலுவலகத்துக்குப் பேசலாம். அரிசி மூட்டைக்காகப் பேச வேண்டியதில்லை.

பள்ளியில் விதியுண்டு, இரவில் வீட்டில் என்ன உண்டு? பள்ளி மூலம் வாங்கிய கற்றல் கருவி பொதுவாக இரவு 10.30க்குத் தானே உறங்கிவிடும்படி அமைச்சு செய்திருக்கிறது. ஆனால் நாம் வாங்கிக் கொடுத்த கைப்பேசிக்கு அந்த உறக்கம் கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பதின்ம வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது வைத்தியர்கள் சொல்வது. சுபுஹுக்கும் பள்ளிக்குமாக 5.45க்கு எழும் பையன் 12 மணிக்குக் கண்மூடினால் அவனுக்குக் கிடைப்பது 5¾ மணி. குறைந்தபட்சத்துக்கே 2¼ மணி துண்டு விழுகிறது. பள்ளி நாள் ஐந்துக்கு 11¼ மணி! இப்படிக் கடன் ஏறவிட்டுக் கடை நடத்துவோமா?

என் மூத்த மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். இனி இரவு 10 மணிக்குக் கைப்பேசியைக் கூடத்து அலமாரியில் வைத்துவிட வேண்டும் என்றேன். அவன் முதலில், “காலையில் எழுப்ப அதுதான் மணி அடிக்கிறது” என்றான். ஒரு மேசைக் கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். பிறகு மெதுவாக, “அத்தா, உங்களுடையது எங்கே இருக்கும்?” என்று கேட்டான். என்னுடையது தலையணைக்கடியில் இருந்தது! ஆர்டர் வரும், ஊரிலிருந்து பேசுவார்கள் என்று சாக்குச் சொல்லிப் பார்த்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் தாயார் சிரித்துவிட்டாள்.

ஆகவே இப்போது இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. முதல் வாரம் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடுவில் ஓரிரவு எனக்கே பொறுக்காமல் எடுத்துப் பார்த்து மாட்டிக்கொண்டேன். பரீட்சைக் காலத்தில் நண்பரோடு கலந்து படிக்க வேண்டுமென்று அரைமணி கூடுதல் கேட்டான். கூடத்திலேயே உட்கார்ந்து படிப்பதானால் சரியென்று கொடுத்தேன். இரவு 11 மணிக்கு விலை சொல்லி வந்த மொத்த வியாபாரி ஒருவர்தான் கோபித்துக்கொண்டார். சில நாள் கழித்து, கடை திறந்த பின் 9 மணிக்குப் பேச ஆரம்பித்தார். விலை அதே விலைதான்.