பெரிய டயர் பூட்டிய வண்டியும் அதன் வேகமானியும்

மழைக்காலத்தில் ரப்பர்த் தோட்டத்துச் செம்மண் சாலை எப்படியிருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பால் ஏற்றிச் செல்வதற்காயினும், நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதற்காயினும், வண்டியின் அடிப்பாகம் சேற்றில் உரசாமல் உயர்ந்து நிற்பது நன்று. இவ்வாறு கருதிப் பலர் தம் நாற்சக்கர இயக்க வாகனங்களுக்குப் பெரிய டயர்களைப் பூட்டுகின்றனர். அதில் வியப்பில்லை. ஆனால், டயரை மாற்றிய அன்றே இன்னொன்றும் மாறிவிடுகிறது. ஓட்டுநரின் கண்முன் உள்ள வேகமானி, முன்பு காட்டியதைவிடக் குறைவான வேகத்தைக் காட்டத் தொடங்குகிறது.

இதன் காரணம் எளிது. வேகமானி சாலையை அளப்பதில்லை. வண்டியின் சுழற்சியை எண்ணுவதே அதன் வேலை. சேற்றில் சிக்கிய வண்டியின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்பொழுது, முள் 40 வரை ஏறுவதை நாம் கண்டதுண்டு. வண்டியோ ஓர் அங்குலமும் நகர்ந்திராது! பழைய லேண்ட் ரோவர் போன்ற வண்டிகளில், கியர்ப் பெட்டியின் பின்புறத்திலிருந்து புறப்படும் வளையக்கூடிய கம்பி ஒன்று வேகமானிக்குள் இருக்கும் காந்தத்தைச் சுழற்றுகிறது. சுழலும் காந்தம் ஓர் அலுமினியக் கிண்ணத்தைத் தன்னோடு இழுக்க முயல்கிறது. மெல்லிய சுருள்வில் அதனைத் தடுத்து நிறுத்துகிறது. இழுப்பும் தடுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். புதிய வண்டிகளில் கம்பிக்குப் பதிலாக மின்துடிப்புகள் எண்ணப்படுகின்றன. எவ்வகையாயினும், ஒரு சுற்றுக்கு வண்டி இத்தனை தூரம் செல்லும் என்பது தொழிற்சாலையிலேயே நிர்ணயிக்கப்பட்ட கணக்கு. பெரிய டயர் ஒரு சுற்றில் அதனினும் கூடுதலான தூரம் செல்லும். அது வேகமானிக்குத் தெரியாது.

எவ்வளவு கூடுதல்? டயரின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்ட எண்களைக் கொண்டே கணக்கிடலாம். பல ஹைலக்ஸ் வண்டிகளில் காணப்படும் 265/65R17 என்னும் அளவை எடுத்துக்கொள்வோம். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு எனக் காட்டுவது. அதாவது சுமார் 172 மில்லிமீட்டர். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அது 432 மில்லிமீட்டர் ஆகும். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களையும் சேர்த்தால் மொத்த விட்டம் 776 மில்லிமீட்டர். இதற்குப் பதிலாக 285/70R17 பூட்டினால் விட்டம் 831 மில்லிமீட்டராகிறது. 831ஐ 776ஆல் வகுத்தால் 1.07 கிடைக்கும். எனவே வேறுபாடு 7 விழுக்காடு.

ஏழுதானே என்று எண்ணிவிடலாகாது. முன்பு சரியாகக் காட்டிய வேகமானியாயின், முள் 90இல் நிற்கும்பொழுது வண்டி 96 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். கூட்டரசுச் சாலையின் பொதுவான வரம்பு 90 என்பதால், ஓட்டுநர் தாம் அறியாமலே சட்டத்தை மீறியவராகிறார். சம்மன் வந்தபின் வேகமானியைக் குறைகூறிப் பயனில்லை. அதைவிடப் பெரியது உயிர்ச்சேதம். பிரேக்கை மிதித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம், வேகத்தின் இருமடிப் பெருக்கத்திற்கேற்ப உயர்வது. 1.07ஐ 1.07ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1.14, அதாவது 7 விழுக்காடு கூடுதல் வேகத்திற்கு 14 விழுக்காடு கூடுதல் தூரம் தேவை. பள்ளிப் பிள்ளைகள் பேருந்திலிருந்து இறங்கும் சந்தியில் அந்தத் தூரத்திற்கு இடம் எங்கே?

தொழிற்சாலைகள் வேகமானியைச் சற்று மிகையாகக் காட்டுமாறே அமைப்பது வழக்கம். ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளில் 39ஆவது, உண்மை வேகத்திற்குக் குறைவாக வேகமானி ஒருபோதும் காட்டக்கூடாது என்று கூறுகிறது. அந்த மிகை, டயரின் வேறுபாட்டை ஈடுசெய்துவிடவும் கூடும், செய்யாமலும் போகலாம். சோதித்தால் அல்லாது தெரியாது.

சோதனைக்குப் பெரிய கருவிகள் வேண்டா. போக்குவரத்துக் குறைந்த நேரான சாலையில், முள்ளை 60இல் நிலையாக வைத்து ஓட்டுக. அருகில் அமர்ந்திருப்பவர், ஒரு கிலோமீட்டர்க் கல்லிலிருந்து அடுத்த கல்வரை ஆகும் விநாடிகளைக் குறிக்கட்டும். ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தல் கூடாது. சரியாக 60 விநாடியானால் வேகமானி சரி. 56 விநாடியில் வந்துவிட்டால், 3600ஐ 56ஆல் வகுக்க, உண்மை வேகம் 64. ஐந்து கற்களுக்கு இவ்வாறு பார்த்துச் சராசரி எடுப்பது மேல். கைப்பேசியில் செயற்கைக்கோள் வழி வேகம் காட்டும் வசதியிருந்தால் அதனோடும் ஒப்பிடலாம்.

திருத்துவது எப்படி? சிலர் வேகமானியைத் திறந்து, முள்ளைப் பிடுங்கி, சற்றுத் தள்ளிச் செருகுகின்றனர். இது தவறான முறை. முள்ளை 4 கிலோமீட்டர் தள்ளி வைத்தால், வண்டி நிற்கும்பொழுதும் 4, விரையும்பொழுதும் 4 என்றே கூடும். டயரால் வரும் பிழையோ 30இல் 2, 60இல் 4, 90இல் 6 என வேகத்தோடு வளர்வது. ஆகவே, சுழற்சி எண்ணப்படும் இடத்திலேயே திருத்தம் செய்தல் வேண்டும். கம்பி உள்ள வண்டிகளில், கியர்ப் பெட்டியில் கம்பியின் நுனியைத் திருப்பும் சிறு பற்சக்கரம் ஒன்று உண்டு. அதன் பற்களைக் குறைத்தால் கம்பி விரைவாகச் சுழலும். 33 பற்கள் இருந்த இடத்தில் 31 பற்கள் உள்ளதைப் பொருத்தினால், ஆறரை விழுக்காடு ஈடாகிவிடும். மின்துடிப்பால் இயங்கும் வண்டியாயின், பட்டறையில் கணினி வழியாகப் புதிய டயரின் அளவைப் பதிவு செய்யலாம். அவ்வசதி இல்லாதவற்றிற்கு, துடிப்புகளைத் திருத்தி அனுப்பும் சிறு மின்பெட்டி உண்டு. திருத்தியபின் மீண்டும் கிலோமீட்டர்க் கல் சோதனை செய்க. மற்றொன்று: பெரிய டயரை வாங்குமுன்பே, அந்த அளவு அனுமதிக்கப்படுமா என்று சாலைப் போக்குவரத்து இலாகாவிலும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டறிதல் நலம்.

வேகமானியோடு சேர்ந்துள்ள தூரமானியும் இதே பிழையைச் சுமக்கிறது. 10,000 கிலோமீட்டர் என்று அது காட்டும்பொழுது வண்டி உண்மையில் 10,700 ஓடியிருக்கும். எனவே, திருத்தம் செய்யும்வரை, 10,000இல் மாற்ற வேண்டிய எண்ணெயை, தூரமானியில் 9,350 கூடியதும் மாற்றிவிடுக. டயர் மாற்றிய நாளில் அது காட்டிய எண்ணை ஒரு தாளில் எழுதி, வண்டியின் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்தால் கணக்குத் தவறாது.