ஜைரோபிளேன் தரையிலேயே கவிழ்வது ஏன்?

1967-ல் வந்த ஜேம்ஸ்பாண்டு படத்தில் ‘லிட்டில் நெல்லி’ என்று ஒரு பொடி விமானம் வரும். பார்த்த நண்பர்கள் பலரும் அதைச் ‘சின்ன ஹெலிகாப்டர்’ என்றே சொல்வார்கள். அது ஹெலிகாப்டர் இல்லை, ஜைரோபிளேன். ஹெலிகாப்டரில் தலைக்கு மேலுள்ள ரோட்டாரை எஞ்சின் சுற்றுகிறது. ஜைரோபிளேனில் எஞ்சின் புரொப்பல்லரை மட்டும் சுற்றி வண்டியை முன்னே தள்ளும். பறக்கும்போது ரோட்டாருக்கும் எஞ்சினுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சற்றே பின்பக்கம் சாய்ந்திருக்கும் ரோட்டாருக்குள் அடியிலிருந்து புகும் காற்றே அதைச் சுற்ற வைக்கிறது. பனை ஓலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடியிருப்போமே, ஏறக்குறைய அதே சங்கதிதான்.

ஆகாயத்தில் எஞ்சின் நின்றுபோனாலும் ரோட்டார் நிற்காது. தணக்கு மரத்தின் இரட்டை இறக்கைக் காய் சுழன்று சுழன்று இறங்குவதுபோல வண்டியும் இறங்கிவிடும். (அந்த மரத்தின் தாவரவியல் பெயர் கைரோகார்ப்பஸ். ‘சுழலும் காய்’ என்று அர்த்தம்.) இவ்வளவு சாதுவான வண்டி, தரையில் ஓடும் அந்தச் சில நொடிகளில் ஆளைக் கவிழ்த்துவிடுகிறதே, அது ஏன்?

இந்தக் கேள்வியில் முதலில் அடிபட்டவர் இதைக் கண்டுபிடித்தவரேதான். ஸ்பெயின் நாட்டு எஞ்சினியர் ஹுவான் டி லா சியர்வா, 1920-லிருந்து மூன்று இயந்திரங்கள் செய்தார். மூன்றும் சரியாகப் பறக்கவில்லை. வேகமெடுத்தால் ஒரு பக்கமாகச் சாயும். வேடிக்கை என்னவென்றால், அவர் செய்த சின்ன மாடல் மட்டும் அழகாகப் பறந்தது. யோசித்துப் பார்த்தார். மாடலின் பிளேடுகளுக்குப் பிரம்பு போட்டிருந்தார், அது வளைந்து கொடுத்தது. பெரிய இயந்திரத்தின் பிளேடுகள் விறைப்பாக மாட்டியவை. மூங்கிலுக்குள் சிவன் இருந்ததாகத் தலபுராணம் சொல்லும் திருப்பாச்சூரில், வளைந்து கொடுப்பதன் அருமையை யாரும் நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை! சியர்வா ஒவ்வொரு பிளேடின் அடியிலும் ஒரு கீல் வைத்தார். அந்த சி.4 இயந்திரம் 1923 ஜனவரியில் மாட்ரிட் அருகே ஹெடாஃபேயில் பறந்தது.

கீல் எதற்கு? ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். இன்றைய இரண்டு இருக்கை ஜைரோபிளேனின் ரோட்டார் விட்டம் ஏறக்குறைய 8.4 மீட்டர், அதாவது ஆரம் 4.2 மீட்டர். மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்க பிளேடு காற்றை எதிர்த்து முன்னே வரும், இடப்பக்க பிளேடு பின்வாங்கும். நிமிடத்துக்கு 350 சுற்றில் பிளேடு நுனியின் வேகம் நொடிக்கு 154 மீட்டர். வண்டி நொடிக்கு 20 மீட்டர் (மணிக்கு 72 கி.மீ.) வேகத்தில் போனால் வலது நுனிக்கு 174, இடது நுனிக்கு 134. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வலது பக்கம் சுமார் 1.7 மடங்கு. கீல் இருப்பதால் வலது பிளேடு மேலெழும்பித் தன் காற்றுமோதும் கோணத்தைக் குறைத்துக்கொள்ளும். இடது பிளேடு தாழ்ந்து கூட்டிக்கொள்ளும். இரண்டும் சமமாகிவிடும்.

இப்போது அதே 20 மீட்டர் வேகத்தில் ரோட்டார் வெறும் 100 சுற்றில் இருந்தால்? நுனிவேகம் 44தான். வலது பக்கம் 64, இடது பக்கம் 24. வர்க்கம் போட்டுப் பாருங்கள், ஏழு மடங்கு வித்தியாசம்! அதோடு, இடது பிளேடில் மையத்திலிருந்து 1.9 மீட்டர் வரை காற்று தலைகீழாக, பின்விளிம்பிலிருந்து முன்விளிம்புக்கு ஓடுகிறது. கிட்டத்தட்ட பாதி பிளேடு சும்மா. மீதிப் பாதி ஸ்டால் ஆகிவிடும். கீல் எவ்வளவுதான் ஈடுகட்டும்? அது தன் எல்லைவரை போய்த் தடையில் ‘டக் டக்’ என்று மோதும். பைலட் கையிலுள்ள ஸ்டிக் உதறும். அடுத்த நொடி பிளேடு வால்பகுதியையோ தரையையோ அடிக்கும், வண்டி இடப்பக்கம் உருளும்.

ஓடுபாதையில் இது நடக்கும் விதம் ரொம்ப சாதாரணம். புறப்படும் முன் எஞ்சின் பவரில் கொஞ்சத்தைக் கிளட்ச் வழியாக மேலே கொடுத்து, காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் ஃப்ளைவீலின் பல்லைப் பிடித்துச் சுற்றுவதுபோல, ரோட்டாரைச் சுமார் 200 சுற்றுக்குக் கொண்டுவருவார்கள். பிறகு ஸ்டிக்கை முழுக்கப் பின்னால் இழுத்து, பிரேக்கை விட்டு, த்ராட்டிலைக் கூட்ட வேண்டும். ஓட ஓட காற்று மீதி வேகத்தைக் கொடுக்கும். இதற்கிடையில் ரேடியோவில் ஏதோ கேட்கிறார்கள், அல்லது பின்னால் இன்னொரு விமானம் காத்திருக்கிறது. பைலட்டின் கவனம் சிதறுகிறது. ரோட்டார் வேகம் அதுபாட்டுக்கு இறங்குகிறது. மீட்டரைப் பார்க்காமல் அவசரமாக முழு த்ராட்டில் கொடுத்தார் என்றால் முடிந்தது கதை. ஸ்டிக்கைப் பின்னால் இழுக்க மறந்தாலும் அதேதான்: காற்று அடியிலிருந்து புகாது, வண்டி வேகமெடுக்கும், ரோட்டார் எடுக்காது.

கும்மிடிப்பூண்டி பக்கம் இன்பிளான்ட் டிரெயினிங் போனவர்களுக்குப் பவர் பிரஸ் தெரியும். ஃப்ளைவீல் முழு வேகம் பிடிக்குமுன் கிளட்ச்சை மிதித்தால் ராம் வேலைக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும். அங்கே சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குவதோடு போச்சு. இங்கே உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கிறார். உதறல் தெரிந்தவுடனே த்ராட்டிலை மூடி, ஸ்டிக்கை முன்னே தள்ளி, வண்டியை நிறுத்துவது ஒன்றே வழி. ‘இன்னும் கொஞ்சம் ஓடினால் சரியாயிடும்’ என்று நினைப்பவருக்குத்தான் சரியாவதில்லை.

ரோட்டார் சரியாகச் சுற்றினாலும் இன்னொரு கண்ணி உண்டு. ஜைரோபிளேன் மிகக் குறைந்த வேகத்திலேயே தரையை விட்டு எழும்பிவிடும். ஆனால் அந்த வேகத்தில் ரோட்டாரின் இழுவிசை மிக அதிகம். எஞ்சின் முழுப் பவரும் அதற்கே செலவாகிவிடும், ஏறுவதற்கு மிச்சமிராது. தெரிந்த பைலட் எழும்பியதும் மூக்கைத் தாழ்த்தி, தரையை ஒட்டியே ஓட்டி வேகம் சேர்த்துக்கொண்டு பிறகு ஏறுவார். தெரியாதவர் ‘ஏற மாட்டேங்குதே’ என்று ஸ்டிக்கை இன்னும் இழுப்பார். வேகம் மேலும் குறைந்து, வால் முதலில் தரையில் மோதும்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விமானக் கையேடுகளின் திட்ட வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ். திருவள்ளூரில் மே மாத மதியம் 42 டிகிரி என்றால், கெல்வினில் 288-ஐ 315-ஆல் வகுத்துப் பாருங்கள்: காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் பவரும் ஏறக்குறைய அதே அளவு குறையும். காலை ஆறு மணிக்கு இரண்டு பேருடன் சிரமமில்லாமல் எழும்பிய அதே வண்டிக்கு, மதியம் ஓடுபாதைக் கடைசியிலிருக்கும் பனைமரம் ரொம்பக் கிட்டத்தில் தெரியும்.